கத்தக் கூடாத கடற்கரை

விடுமுறைக்கு இடம் கேட்டு யார் போன் செய்தாலும் லோர்னா பாஸ்கோ முதலில் நாலு கேள்வி கேட்பாள். எத்தனை பேர், நாய் உண்டா, பாட்டுப் பெட்டி கொண்டுவருவீர்களா, வீட்டுக்காரர் குடித்தால் பாடுவாரா. பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். கேட்டு முடித்ததும் ஒன்றும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். ஒரு நிமிஷம், சில சமயம் இரண்டு. அந்தப் பக்கத்து ஆள் "ஹலோ, ஹலோ" என்று தவித்தால் இடம் கிடையாது. அவரும் பேசாமல் காத்திருந்தால் இடம் உண்டு. அப்படித்தான் அவள் குடும்பங்களைப் பொறுக்கி எடுத்தாள்.

நான் நோலா. விடுமுறைக் குடும்பங்கள் வண்டிவீட்டிலும் கூடாரத்திலும் தங்கும் கோர்மன்ஸ் பே கேரவன் பார்க்கில் குளியலறையும் கழிப்பறையும் கழுவியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. லோர்னாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதி பேர் அவளைச் சூனியக்காரி என்பார்கள், மீதிப் பேர் கஞ்சி போட்ட துணி என்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றும் தெரியாது.

அவளும் அவள் புருஷன் கிளெம்மும் முன்பு வேறொரு கடற்கரை ஊரில் பெரிய பார்க் ஒன்றை நடத்தினார்கள். நவம்பர் கடைசியில் பள்ளி முடித்த பிள்ளைகள் கும்பல் கும்பலாக வந்து ஒரு வாரம் கூத்தடிக்கும் ஊர் அது. அப்படியொரு நாள் பட்டப்பகலில் கேஸ் சிலிண்டர் கொட்டகைக்குப் பின்னால் கிளெம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். இருபது அடி தள்ளிப் பாட்டும் ஆட்டமும் நடந்துகொண்டிருந்தன. இரண்டு மணி நேரம் கழித்து பீர் பெட்டியை ஒளித்துவைக்கப் போன ஒருவன்தான் அவரைப் பார்த்தான். அதற்குள் உயிர் போயிருந்தது.

"கூப்பிட்டிருப்பான், நோலா. என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பான். அந்த எழவு சத்தத்துல யார் காதுல விழும்?" நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் சொன்னது இது. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த இடத்தை விற்றுவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காத இந்தக் கரையில் இருபத்திரண்டு கேரவன் நிற்கும் இடத்தை வாங்கினாள். இங்கே ஒருத்தர் கூப்பிட்டால் தனக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டும் என்றாள். அந்த ஆசையில் நான் ஒரு குறையும் காணவில்லை. இன்றும் காணவில்லை.

ஆனால் ஆசை சட்டமானால் அது தன் போக்கில் வளரும். முதலில் ரேடியோ கூடாது என்றாள். பிறகு கூடார முளையடிக்கும்போது சுத்தியலுக்குத் துணி சுற்றச் சொன்னாள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடலாம், ஆனால் அவுட் கேட்கிறவன் கத்தக் கூடாது, கையை மட்டும் தூக்க வேண்டும். ஒரு கேரவனிலிருந்து இன்னொன்றுக்குக் குரல் கொடுக்கக் கூடாது, நடந்து போய்ச் சொல்ல வேண்டும். மீறினால் பக்கத்துக் குடும்பம் ஆபீஸ் வாசல் பெட்டியில் புகார்ச் சீட்டு போடும். பழைய குடும்பங்களுக்கு வருஷா வருஷம் அதே இடம் உறுதி. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வருஷம் சோதனை வருஷம், மூன்று சீட்டு விழுந்தால் அடுத்த டிசம்பரில் அவர்களுக்கு அழைப்பு போகாது. மரத்தில் கத்தும் இளஞ்சிவப்புக் காக்கட்டூக் கிளிகளை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவையும் சீட்டு வாங்கியிருக்க வேண்டியவைதான்.

இந்த நாட்டில் கிறிஸ்துமஸ் கோடையில்தான் வரும். அது முடிந்த வாரம் தொண்ணூறு பேர் தங்கியிருப்பார்கள். நான் துடைப்ப வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் அதன் சக்கரம் கிறீச்சிடுவது மட்டும் கேட்கும். அடுப்பில் சாஸேஜ் பொரியும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ரொட்டியில் தக்காளி சாஸைத் தடவி, உதடு மட்டும் அசைய ஏதோ பேசிக்கொள்வார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒருநாள் ஒன்பதாம் நம்பர் கேரவன் பக்கம் மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஆணியை மிதித்துவிட்டது. வாயைத் திறந்தது, முகம் சிவந்தது, பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. கண்ணில் மட்டும் தாரை தாரையாகத் தண்ணீர். நான் அதை லோர்னாவிடம் போய்ச் சொன்னேன். நல்ல வளர்ப்பு என்று பெருமைப்பட்டாள். எனக்கு அன்றே அது சரியாகப் படவில்லை. வாயைத் திறக்காமல் வேலைக்குப் போய்விட்டேன். நானும் இந்த இடத்துக்காரிதானே.

கெர்ஸ்லேக் குடும்பம் நாலு வருஷம் காத்திருந்து இடம் வாங்கியது. அம்மா மெரிடித், அப்பா டங்கன், ஆறு வயதுப் பெண் பிப்பா. காத்திருந்த காலத்தில், போன கோடையில் அவர்கள் போன வேறொரு கடற்கரையில் பக்கத்துக் கூடாரத்துக் குடிகாரர்கள் பாடிப் பாடிக் கடைசியில் அடித்துக்கொண்டு, இவர்கள் கூடாரத்தின் மேலேயே விழுந்திருக்கிறார்கள். உள்ளே பிப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து யாராவது உரக்கச் சிரித்தாலே குழந்தை காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுமாம். "எங்களுக்கு இந்த இடம் கிடைச்சது கடவுள் குடுத்த மாதிரி. இதை மட்டும் விட்டுட மாட்டோம்" என்று மெரிடித் வந்த அன்றே என்னிடம் சொன்னாள். குளியலறை வாசலில் நின்று இதைச் சொல்லும்போதும் குசுகுசுவென்றுதான் சொன்னாள்.

ஜனவரி இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வடக்கிலிருந்து அனல்காற்று. கடல் வற்றி வெகுதூரம் போயிருந்தது, கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் பாதிக் கால்கள் வெறும் மணலிலும் கல்லிலும் நின்றன. டங்கன் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தான். மற்றவர்கள் கேரவன் நிழலில் சாய்வு நாற்காலி போட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் குளியலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மெரிடித் வாசலைத் தாண்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். மூன்றாம் தடவை உள்ளே எட்டிப் பார்த்து, "பிப்பா இந்தப் பக்கம் வந்தாளா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். இல்லையே என்றேன். பரவாயில்லை, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மறுபடி துடைக்க ஆரம்பித்தேன். அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது, கண் ஒவ்வொரு குளியலறைக் கதவாக ஓடியது. இரண்டையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தரையைத் துடைத்தேன். அந்த நாளில் நான் செய்ததிலேயே எனக்குப் பொறுக்காதது அதுதான்.

வாளித் தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தபோது பார்க் முழுவதும் எழுந்து நின்றிருந்தது. முப்பது நாற்பது பேர். கேரவன்களுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள். கார்க் கதவை மெல்லத் திறந்து, மெல்லச் சாத்துகிறார்கள். கரையோரப் புதரை விலக்கிப் பார்க்கிறார்கள். எதிரெதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டு விலகிப் போகிறார்கள். ஒரு சத்தம் இல்லை. இழவு வீட்டில்கூட ஒருத்தி ஒப்பாரி வைப்பாள். இங்கே செருப்புக்கடியில் சரளைக்கல் நெறிபடுவது மட்டும் கேட்டது. நடுவில் மெரிடித் அதே சிரிப்போடு ஒவ்வொரு கேரவன் வாசலாகப் போய்க் கதவை விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

லோர்னா ஆபீஸிலிருந்து இறங்கி வந்தாள். கடல் திரும்பி உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டாள். குழந்தையைக் காணவில்லை என்றேன்.

"எவ்வளவு நேரமா?"

மெரிடித்தான் பதில் சொன்னாள். "முக்கா மணி நேரம் இருக்கும். மன்னிச்சுக்குங்க."

"முக்கா மணி நேரமா? ஏன் யாரும் கூப்பிடல?"

மெரிடித் அவளைப் புரியாமல் பார்த்தாள். "இங்க கத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

லோர்னா கடல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பன்னிரண்டு வருஷமாக உயர்த்தாத குரல் உடனே வந்துவிடுமா? தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இரண்டாம் தடவை துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்றாம் தடவைதான் பேர் வந்தது.

"பிப்பா! கத்து கண்ணு! எவ்வளவு சத்தம் வேணும்னாலும் போடலாம்! நான்தான் லோர்னா சொல்றேன், கத்து!"

எல்லோரும் நின்றோம். காற்று அடித்தது. பிறகு மரப்பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு சின்ன "இங்க" கேட்டது. வகுப்பில் ஆஜர் சொல்கிற மாதிரி, மரியாதையாக.

வற்றின கடலில் நண்டைத் துரத்திக்கொண்டு மரப்பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீர் வரை போனவளின் கால் இரண்டு பாறாங்கல்லுக்கு நடுவில் சிக்கிவிட்டது. நாங்கள் ஓடிப் போனபோது தண்ணீர் மோவாய்க்கு வந்திருந்தது. தலையை அண்ணாந்து, மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள். இரண்டு ஆண்கள் முங்கிக் கல்லைப் புரட்டினார்கள். மெரிடித் அவளை அள்ளிக்கொண்டு கரைக்கு வந்தபோதும் பிப்பா பெரிதாக அழவில்லை. வாயைத் தன் தோளில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

துண்டில் சுற்றி உட்காரவைத்த பிறகு லோர்னா பிப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாள்.

"கூப்பிட்டேனே. பலகை இடுக்குல உங்க ஷூ தெரிஞ்சுது. ரெண்டு தடவை மேல நடந்து போனீங்க. ரெண்டு தடவையும் கூப்பிட்டேன்."

"சத்தமாவா கூப்பிட்ட?"

"இல்ல. இங்க கூப்பிடுற மாதிரிதான்."

லோர்னா தினமும் மதியம் மரப்பாலத்தின் கோடி வரை போய்த் திரும்புவாள், யாருக்காவது ஏதாவது தேவையா என்று பார்க்க. அன்றும் போய்த் திரும்பியிருக்கிறாள். நான்தான் கையைக் கொடுத்து அவளைத் தூக்கிவிட்டு ஆபீஸுக்குக் கூட்டிப் போனேன்.

சாயங்காலம் புகார்ப் பெட்டியைத் திறந்தேன். நாலு சீட்டு இருந்தது. ஒன்றில் "செவ்வாய் மதியம் அளவுக்கு மீறிய கூச்சல், ஓய்வு கெட்டது" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. இன்னொன்றில், குழந்தை கிடைத்ததில் மகிழ்ச்சி, ஆனாலும் வேறு முறை ஏதாவது யோசிக்கலாமே என்று. நான் கிழித்துப் போடப் போனேன். லோர்னா வாங்கி நாலையும் இரண்டிரண்டு தடவை படித்தாள்.

"இவங்களைத் திட்டாத நோலா. ஒவ்வொருத்தரையா நான்தான் தேடித் தேடிச் சேர்த்தேன்" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மெரிடித் ஆபீஸுக்கு வந்தாள். கையில் ஒரு கேக். அடுத்த வருஷமும் அதே இடம் கிடைக்குமா, நேற்று நடந்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையையே இழக்க இருந்தவள், இடத்தை இழக்க மாட்டேன் என்கிறாளே.

லோர்னா முடியாது என்றாள். "கூட்டம் இருக்கற இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போம்மா. பிள்ளைங்க கத்துற இடமா." பிறகு பிப்பாவைக் கொஞ்ச நேரம் தன்னோடு அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

இருவரும் மரப்பாலத்தின் கோடியில் போய்க் கடலைப் பார்த்து நின்றார்கள். லோர்னா ஏதோ சொன்னாள். பிப்பா தலையை ஆட்டினாள். லோர்னா கத்திக் காட்டினாள். பிப்பா வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை, காதைப் பொத்திக்கொண்டாள். லோர்னா மெல்ல அவள் கைகளை எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி கத்தினாள். நாலாவது, ஐந்தாவது தடவையில் குழந்தையிடமிருந்து ஒரு கீச்சு வந்தது. பிறகு ஒரு அலறல். அப்படியொரு அலறல் அந்தக் கரையில் கேட்டதே இல்லை. காக்கட்டூக்கள் மொத்தமாகப் பறந்தன. கிழவியும் குழந்தையும் மாறி மாறி, "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

கேரவன்களிலிருந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். காப்பிக் கோப்பையும் கையுமாக வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருவர்கூட மரப்பாலத்தின் பக்கம் ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. பதினோரு வருஷமாக வரும் டிரெங்கோவ் என் பக்கம் வந்து, தன் கோப்பையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"இது இன்னும் ரொம்ப நேரம் ஆகுமா?"

"யாராவது காப்பாத்த அவங்ககிட்ட ஓடற வரைக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நானும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. துடைப்ப வண்டியைத் தள்ளிவிட்டு அவர்களை நோக்கி ஓடினேன்.