ஒன்றரைக் கட்டை

பிரியங்கினி ரீச்சர் ஒரு விஷயத்தை இரண்டாம் தரம் சொல்லமாட்டார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையல்ல. ஒரு சுரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் வரைக்கும் நாற்பது தரம்கூடச் சொல்வார், குரலை உயர்த்தாமல். ஒரு தரம்கூடச் சொல்லாதது "பரவாயில்லை" என்ற சொல்லைத்தான்.

அவருக்கு வயது முப்பத்தெட்டு. பிறந்தது வெருகல் பக்கம். மட்டக்களப்பில் சங்கீதம் படித்துப் பட்டம் பெற்று, திருமணமாகிப் பாலையூற்றுக்கு வந்தார். பதினொரு வருடமாகக் காலை ஆறேகால் பஸ்ஸில் ஏறிக் குச்சவெளிக்குப் போகும் வழியிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் இறங்குகிறார். பஸ்ஸில் மற்றப் பைகளை மேலே வைத்தாலும் சுருதிப்பெட்டியை மடியில்தான் வைத்திருப்பார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் தரம் வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சங்கீதம் உண்டு. பத்தாம் தரத்துக்குப் போகும்போதுதான் தெரிவு. சங்கீதமா, சித்திரமா, நாடகமா என்று ஒரு படிவத்தில் எழுதி, வீட்டாரின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் சங்கீதத்துக்கு இருபது பேர் போல வருவார்கள். எல்லோரும் பெண்பிள்ளைகள். "பொடியன்களுக்குக் குரல் உடையிற வயசு. அவங்களால ஏலாது" என்று பிரியங்கினி சொல்வார். யாரும் மறுத்ததில்லை.

போன வருடக் கடைசியில், மூன்றாம் தவணையில், அந்தக் கணக்குப் பிழையாகிவிட்டது. ஒன்பதாம் தரத்தில் பெண்பிள்ளைகளே பதினாறு பேர்தான். திங்கட்கிழமை உப அதிபர் கலீலுர் றஹ்மான் படிவங்களோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். கணிதம் படிப்பிப்பவர். எந்தப் பாடம் எப்போது என்று பள்ளிக்கூடத்துக்கு நேரசூசி போடுபவரும் அவர்தான்.

"ரீச்சர், சங்கீதத்துக்குப் பதினொண்டுதான் இரிக்கு."

"மிச்சம் எங்க சேர்?"

"அஞ்சு பிள்ளைகள் நாடகம். பொடியன்மார் பதினெட்டும் சித்திரம். சுஹைரா ரீச்சர்ட வகுப்பில கதைச்சிக்கிட்டே கீறலாமாம்."

மூலையில் இருந்த சித்திர ஆசிரியை சுஹைரா நிமிர்ந்தார். "பதினெட்டா? எனக்குக் கதிரை காணாது சேர். நாலஞ்சு பேரைப் பாட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க ரீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதிபர் சோமசேகரத்தின் முடிவு தெளிவாக இருந்தது. பதினைந்து பேர் இல்லாமல் பத்தாம் தரத்தில் ஒரு வகுப்பு நடத்த முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதினைந்து ஆகாவிட்டால் அந்தப் பதினொரு பேரையும் வேறு பாடத்துக்கு மாற்றவேண்டியதுதான். ஒரு வருடம் நின்ற பாடம் மறு வருடம் தானாக எழும்பாது என்பது பிரியங்கினிக்குத் தெரியும். அந்தப் பதினொரு பேரில் ஏழு பேருக்கு ஆறாம் தரத்திலிருந்து அவரே அடித்தளம் போட்டவர்.

அவர் அழவில்லை, அதிபரிடம் கெஞ்சவும் இல்லை. அடுத்த பாடவேளையில் நேரே ஒன்பதாம் தரத்துக்குப் போய்ப் பையன்கள் இருக்கும் கடைசி வாங்குகளுக்கு முன்னால் நின்றார்.

"உங்களில ஒருத்தரும் ஏன் சங்கீதம் எழுதயில்ல?"

ஆளையாள் பார்த்தார்கள். பஹ்மி மெல்லச் சொன்னான்: "எங்களுக்குப் பாட ஏலாது ரீச்சர்."

"ஆர் சொன்னது?"

அதற்குச் சஜீத் எழும்பினான். உயரமான பையன். அந்த வருடம்தான் குரல் திடீரென்று அடியில் இறங்கியிருந்தது. "நீங்கதான் ரீச்சர். பரிசளிப்பு விழாவுக்குப் பாட்டுப் பழக்கேக்க, பொடியன்கள் பின்னுக்கு நிண்டு வாயை மட்டும் அசையுங்கோ எண்டு சொன்னனீங்க. ரெண்டு வருசம் வாயசைச்சனான். நல்லா அசைச்சனான் எண்டு அம்மா வீடியோவும் எடுத்து வச்சிருக்கா."

வகுப்பே சிரித்தது. பிரியங்கினி சிரிக்கவில்லை. சொன்னது உண்மை. மேடையில் சுருதி கெடக்கூடாது என்று அவர்தான் அப்படிச் சொல்லியிருந்தார்.

அன்றைக்குப் பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் அதையே யோசித்தார். அவர் படித்த காலத்தில் அவரோடு பாடிப் பழகியவர்கள் எல்லோரும் பெண்கள். எல்லோருக்கும் சுருதி ஐந்து, ஐந்தரைக் கட்டை. அவருடைய சுருதிப்பெட்டி பதினொரு வருடமாக ஐந்தரையிலேயே நிற்கிறது. அந்தச் சுருதியில் ஒரு பதினான்கு வயதுப் பையன் மேலே போனால் கீச்சிடும். பெண்பிள்ளைகள் பாடுவதற்கு ஒரு ஸ்தாயி கீழே போனால் குரலே இருக்காது. இரண்டுக்கும் நடுவில் அவனுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் பெட்டியை வைத்து ஒரு நாளும் அவர் கேட்டுப் பார்க்கவில்லை. ஆண் பாடகர்கள் எல்லோரும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். தன்னுடைய வகுப்பறையோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் பையன்களைப் பத்து நிமிடம் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஆறு பேர் வந்தார்கள். பாதி விளையாட்டுக்கு, பாதி அடுத்த பாடமான கணிதத்துக்குப் பிந்திப் போகலாம் என்ற ஆசைக்கு.

பிரியங்கினி பெட்டியைத் திறந்து சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். ஐந்து. நான்கு. மூன்று. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவனையும் "ஸா" பிடிக்கச் சொன்னார். பஹ்மி தொடங்கியதும் இன்னொருவன் சொன்னான், "மச்சான், போட் இன்ஜின் ஸ்டார்ட் வருதில்லடா."

"எண்ணெய் விடுங்கடா!" என்றான் வேறொருவன்.

"விடுவம்," என்றார் பிரியங்கினி. "இன்னும் கொஞ்சம் கீழ வரட்டும்."

இரண்டு கட்டைக்கு வந்தபோது பஹ்மியின் குரல் நின்றது. ஆடவில்லை, வழுக்கவில்லை. பகிடி விட்டவர்கள் வாயை மூடினார்கள். ஒன்றரையில் சஜீத். தொண்டையை இறுக்காமல், தோளைத் தூக்காமல், ஒரு நீண்ட ஸா. அவனே பயந்துபோய் நடுவில் நிறுத்திவிட்டான்.

"ஏன் நிப்பாட்டினனி?"

"அது நானா ரீச்சர்?"

"நீதான். திரும்பப் பிடி."

ஆறு பேருடைய பெயரையும் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் அவனவன் கட்டையை எழுதினார். ஒன்றரை, இரண்டு, ஒன்று, ஒன்றரை, இரண்டு, ஒன்றரை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றரையில் வைத்துச் சரளி வரிசையின் முதல் வரியைப் பாடவிட்டார். அந்தச் சுருதியில் தான் பாடுவது அவருக்கே புதிது. மத்திமத்தில் ஒருமுறை அவருடைய குரல்தான் தடுமாறியது. சரியாக வரும் வரை நின்று திரும்பப் பாடினார், பையன்களுக்கு முன்னாலேயே.

மணி அடித்தது. அவர் கதவடியில் நின்று சொன்னார். "வாயசைக்கச் சொன்னது என்ட பிழை. உங்கட குரல்ல பிழையில்ல. நான் பிழையான சுருதியில வச்சு உங்களைக் கேட்டனான். இனி வாறது உங்கட விருப்பம்."

பையன்கள் "ஓம் ரீச்சர்" என்றுவிட்டு ஓடினார்கள். மதியத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க ஒரே கதை. "எனக்கு ஒண்டு, உனக்கு ரெண்டு. நான்தான்டா கனமான குரல்."

புதன்கிழமை பஹ்மியும் இன்னொருவனும் சித்திரத்தை வெட்டிச் சங்கீதம் என்று எழுதிய படிவத்தைக் கொண்டுவந்தார்கள். வியாழக்கிழமை மூன்றாவது. பதினான்கு. இருவர் சித்திரத்தோடேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். சஜீத் அந்தப் பக்கமே வரவில்லை. பிரியங்கினி அவனைத் தேடிப் போகவும் இல்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இதற்கு மேல் தள்ளினால், தன் வகுப்பைக் காப்பாற்ற அவனைப் பிடிப்பதாக ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை முதலாம் பாடவேளை முடிந்ததும் அவன் வந்தான். கையில் படிவம் இருந்தது. கொடுக்கவில்லை.

"ஒண்டு கேக்கவா ரீச்சர்?"

"கேள்."

"ஓஎல் செய்முறைப் பரீட்சைக்கு எந்தக் கட்டையில பாட வேணும்? அவங்க வைக்கிற கட்டையிலயா?"

"இல்ல. உள்ள போனதும் உன்ட சுருதி எது எண்டு நீ சொல்லுவாய். அதில வைப்பாங்க."

"நான் சொன்னா வைப்பாங்களா?"

"வைக்கத்தான் வேணும். பாடுறது நீ."

அவன் படிவத்தை மேசையில் வைத்தான். தாயின் கையெழுத்து புதன்கிழமைத் திகதியில் இருந்தது. இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

பதினைந்து படிவத்தையும் அடுக்கி எடுத்துக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனார் பிரியங்கினி. சோமசேகரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கு ஆண் பெயர்களில் கண் நின்றது.

"ரீச்சர், எண்ணிக்கைக்காகப் பிடிச்ச ஆக்கள் இல்லையே? ரெண்டு வருசத்தில ரிசல்ட்ஸ் வரேக்க நான்தான் பதில் சொல்ல வேணும்."

"கூப்பிட்டுக் கேளுங்க சேர். இப்பவே."

நால்வரும் வந்தார்கள். அதிபரின் மேசையிலேயே பெட்டியை வைத்து ஒன்றரையைப் பிடித்தார். செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் பழகியதுதான். சரளி வரிசையில் ஒரு வரி, முதலாம் காலம், பிறகு இரண்டாம் காலம். இரண்டாம் காலத்தில் ஒருவன் முந்தி ஓடினான். பிரியங்கினி கையால் தாளத்தைக் காட்டி அவனைத் திரும்பக் கொண்டுவந்தார். அறைக்கு வெளியே சத்தம் கேட்டு நின்ற பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை.

சோமசேகரம் பேனையைத் திறந்தார். "ஒருத்தன் ஓடினான்."

"ஓம் சேர். அவனுக்குக் காலம் நிக்க மூண்டு மாசம் வேணும். நிக்கும்."

அவர் கையொப்பமிட்டார்.

ஆசிரியர் அறையில் கலீலுர் றஹ்மான் அடுத்த வருட நேரசூசித் தாளை விரித்து வைத்திருந்தார். "சந்தோசம் ரீச்சர். கிழமைக்கு மூண்டு பாடவேளை போட்டு வச்சிரிக்கன்."

"அது தனித்தனியா இருக்கு சேர். எனக்கு ரெண்டு பாடவேளை சேர்ந்து வேணும். பெண்பிள்ளைகளுக்கு ஒரு சுருதி, பொடியன்களுக்கு ஒரு சுருதி. நாப்பது நிமிசத்தில ரெண்டும் நடக்காது."

"யா அல்லாஹ், வகுப்பே இல்லாமப் போகப் பார்த்திச்சு. இப்ப இரட்டைப் பாடவேளை கேக்கிறீங்க!"

"கேக்கிறன்."

"செவ்வாய்க்கிழமை உங்கட பாடத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில என்ட கணிதம் இரிக்கு."

"அதைப் புதன்கிழமைக்கு மாத்தலாம். பாத்தனான். புதன் நாலாம் பாடவேளை அந்த வகுப்புக்குச் சங்கீதம், உங்களுக்கு வெறும்."

கலீலுர் றஹ்மான் தாளைப் பார்த்தார். வெறுமாகத்தான் இருந்தது. அழிறப்பரை எடுத்துச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தை அழிக்கத் தொடங்கினார். பிரியங்கினி பக்கத்திலேயே நின்று, சங்கீதம் என்று அந்தக் கட்டத்திலும் எழுதி முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.