தெரியலைன்னு சொல்ல வராதவள்

கேஷுவாலிட்டியில் பயிற்சி டாக்டராக இருந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சு வலி என்று ஒருவர் வந்து உட்காருவார். இ.சி.ஜி. சுத்தமாக இருக்கும். வீட்டுக்கு அனுப்பலாமா, படுக்க வைக்கலாமா? தெரியலை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. கூடப் படித்த குண்டூசியைத் தேடி ஓடுவாள். ஆள் ஒல்லிப்பிச்சான் என்பதால் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர் அது. குண்டூசி வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னன்னு இப்ப சொல்ல முடியலைங்க. கொஞ்ச நேரம் இங்கயே இருங்க, பாப்போம்" என்பாள். சொல்லிவிட்டு நிம்மதியாக டீயும் குடிப்பாள்.

மேற்படிப்பு வந்தபோது, அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பொது மருத்துவம் தாராளமாகக் கிடைத்திருக்கும். அம்மா அதற்குள் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்: "இனிமே எனக்கு ஒண்ணுன்னா எம்பொண்ணே கை பிடிச்சுப் பாத்துச் சொல்லிடுவா." அவளோ பேத்தாலஜியை எடுத்தாள். வெட்டியெடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் வேலை. சந்தேகம் வந்தால் வேறு சாயம் போட்டுப் பார்க்கலாம், நாளைக்கும் பார்க்கலாம். கண்ணாடித் துண்டு எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்காது. "நேரத்துக்கு வீட்டுக்கு வரலாம்மா" என்று அம்மாவிடம் சமாளித்தாள். பொது மருத்துவத்துக்குப் போனது குண்டூசிதான்.

வேலையில் கெட்டிக்காரி என்று பேர் எடுத்துவிட்ட பிறகு, ஒரு நாள் காலையில் அம்மா அடுக்களையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னமோ புரட்டுதுடி. கொஞ்சம் கை வச்சுப் பாரேன்."

"எனக்கு அதெல்லாம் விட்டுப்போச்சும்மா. குண்டூசிகிட்ட போ."

"நீயும் டாக்டர்தானே?"

வண்டியை வரவழைத்து, குண்டூசியின் ஆஸ்பத்திரிக்கு அம்மாவை ஏற்றிவிட்டு, ஆய்வகத்துக்குக் கிளம்பினாள். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. அன்று முழுக்க ஒரு ஸ்லைடிலும் கண் ஓடவில்லை.

சாயங்காலம் குண்டூசி போனில் கூப்பிட்டாள்.

"ஸ்கேன், ரத்தம் எல்லாம் நார்மல். என்னன்னு தெரியலடி. ரெண்டு வாரம் பாப்போம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"தெரியலைன்னா சொன்ன? பயந்துட மாட்டாங்களா?"

"அவங்க எங்க பயந்தாங்க! நீ வருவியான்னு வாசலையே பாத்துட்டு இருந்தாங்க."

போனை வைத்ததும் அவள் கிளம்பினாள். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் கட்டிலருகே போய், அம்மாவின் வயிற்றில் கை வைத்து அமுக்கினாள்.

"வலிக்குதா?"

"இந்த அமுக்கு அமுக்கினா வலிக்காம? மாவா பிசையற?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தொட்ட வயிறு. விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"எனக்கும் தெரியலம்மா."

"சரி. அதை ஏன்டி அழுதுகிட்டே சொல்ற?"

வந்த வலி மெல்ல மெல்லத் தானே விட்டுப்போனது. எதனால் வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிறகு ஒருமுறை அம்மாவுக்குக் கால் வீங்கியது. இவளிடம் வாய் திறக்கவில்லை. தானே குண்டூசியிடம் போய்க் காட்டி, மாத்திரையோடு திரும்பி வந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்காதே. எதுக்கு உன்னைப் போட்டுப் படுத்தணும்?"

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.