நாலாவது குவாட்டர்பேக்

“…மூண்டு பேர் ஏற்கெனவே நிக்கினமெண்டால் என்ரை பிள்ளையை என்னத்துக்குக் கேட்டு வந்தவர்? அதைக் கேள் முதல்,” என்றார் அப்பா என்னிடம்.

பதில் சொல்லவேண்டியவர் எங்கள் சோபாவில் இரண்டு பேருக்கான இடத்தை ஒருவராக நிரப்பிக்கொண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கல்லூரி அணியின் கோச். அண்ணாவைக் குவாட்டர்பேக்காக எடுக்கலாமா என்று பார்க்க, பார்க்-எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வரைக்கும் ஏறி வந்திருந்தார். இங்கத்தைய ஃபுட்போலில், முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று ஒரு கணத்தில் முடிவெடுக்கிறவன்தான் குவாட்டர்பேக். களத்தில் ஒரு நேரத்தில் ஒருவனுக்குத்தான் அந்த இடம்.

பதினேழு வயது அண்ணாவுக்கு அதைவிட வேறு ஆசை கிடையாது. அப்பா மறுத்தால் கதை முடிந்தது. ஆனாலும் அண்ணா வாய் திறக்கவில்லை. தன்னைப் பற்றிப் பெரியவர்கள் கதைக்கும்போது தானே நடுவில் புகுவது எங்கள் வீட்டில் மரியாதையில்லை. புதுச் சட்டை போட்டு, தலை இழுத்து, அம்மா அவரை மூலையில் இருத்தியிருந்தார். பெண் பார்க்க வந்த வீடு மாதிரித்தான் இருந்தது. அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு, புவாண்ட்-கிளேர் வெயர்ஹவுசில் பெட்டி ஏற்றி இறக்கப் போதும். மகனை ஒப்படைக்கப் போதாது. ஆகவே மொழிபெயர்ப்பு, பத்து வயதுக்காரியான என் தலையில்.

கோச் ஒளிக்காமல் சொன்னார். வருடத்துக்கு ஒரு குவாட்டர்பேக் எடுப்பார்களாம், எடுத்ததும் ஆடவிடமாட்டார்களாம். முதல் இரண்டு வருடம் ஓரத்தில் நின்று, மூத்தவர்கள் ஆடுவதைப் பார்த்துக் குறிப்பெடுக்கவேண்டும். மூன்றாம் வருடம் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எவ்வளவு தூரம் எறிகிறான் என்பதை வீடியோவிலேயே பார்த்தாயிற்று. காத்திருக்கத் தெரிந்த பிள்ளையா என்று பார்க்கத்தான் வீடு வீடாக வருகிறாராம்.

ஓரத்தில் நிற்கவா அப்பா பிள்ளையை அனுப்புவார்? அண்ணாவைப் பார்த்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

“எல்லாரிலும் அண்ணாதான் திறமாம். போன உடனை விளையாட விடுவினமாம்.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மா கோச்சின் தட்டில் இன்னொரு ரோலை வைத்தார். தான் சொன்ன சேதிக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அந்த மனுசன் விழித்தார்.

அப்போதுதான் அண்ணா எழும்பினார். “அப்பா, இவள் புளுகுறாள். ரெண்டு வருசம் நான் வெளியிலைதான் நிப்பன். அதுக்குப் பிறகும் ஒண்டும் நிச்சயமில்லை. எண்டாலும் நான் போகப்போறன்.”

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சு அதற்கு முன் எழுந்ததில்லை. என்ன நடந்தது என்று கோச் என்னைக் கேட்டார். என் புளுகையும் சேர்த்து, இந்தமுறை ஒழுங்காகச் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணாவை நன்றாகப் பார்த்தார். தனக்கு இந்தப் பிள்ளைதான் வேண்டும் என்றார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

“பிள்ளை எந்த இடத்திலை நிக்கவேணுமெண்டு கேள்,” என்றார் அவர்.

கோச் என் பள்ளிக்கூடக் கொப்பியில் மைதானத்தைக் கீறி, ஆடாதவர்கள் நிற்கும் கரையில் ஒரு கோடு போட்டார். அதற்குப் பின்னால் எங்கள் ஆட்கள் உட்காரும் படிகள். அக்கரையில் எதிரணிக் குடும்பங்களின் படிகள்.

அப்பா எங்கள் படிகளை விரலால் தொட்டார். “இதிலை இருந்தால் பிள்ளையின்ரை முதுகுதானே தெரியும்?”

கேட்டுச் சொன்னேன். கோச் ஓம் என்று தலையாட்டினார்.

அப்பாவுக்கு விளையாட்டே விளங்கவில்லை, வந்த மனுசனுக்கு முன்னால் மானத்தை வாங்குகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் என் பேனையை வாங்கி, எதிரணிக்காரர் இருக்கும் படிகளில், அந்தக் கோட்டுக்கு நேரெதிரே, இரண்டு கோடுகளைக் குறுக்கே கீறிப் பெரிதாக ஒரு புள்ளடி போட்டார்.