மலைப்பாட்டுக்கு நான் எழுதிய சீட்டு

கொல்லிமலை ஏறும் பஸ் எல்லாவற்றிலும் அப்போது என் அத்தையின் பாட்டுதான் ஓடும். அப்பாவின் தங்கை அவள். கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்பேன். பஸ் பனிக்குள் மிதந்து போவதுபோல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த செருக்கெல்லாம் அவளால் வந்ததுதான்.

அந்த வருடம் மலையை வெட்டிக் கல்லெடுக்க ஒரு கம்பெனி வந்தது. அத்தை அதை எதிர்த்து ஒரு மலைப்பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் பாடினாள். சர்க்கார் நடத்தும் ஆடி விழாவுக்கு நாலு நாள் முன்பு, மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த ஆபீசர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எல்லாம் பாடுங்கம்மா. அந்த மலைப்பாட்டு மட்டும் வேண்டாம். மீறினா அடுத்த வருசம் உங்களுக்கு மேடை தர்றது என் கையில இல்லை."

அத்தை பலாச்சுளைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "நானா அதை எடுக்க மாட்டேனுங்க," என்றாள்.

பலாச்சுளையை மென்றுகொண்டிருந்த எனக்கு, அவருக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. ரசனை கெட்ட மனுஷன்!

விழாவன்று மத்தியானமே பனி இறங்கிவிட்டது. வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது எங்கள் கச்சேரி வழக்கம். நோட்டிலிருந்து தாள் கிழித்து 'மலைப்பாட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, என் பெயரும் போட்டு அனுப்பினேன். அத்தை பிரித்துப் படித்தாள். முன்வரிசையில் இருந்த ஆபீசரைப் பார்த்தாள். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போச்சு, பாடமாட்டாள் என்று எனக்கு அழுகை முட்டியது.

"நம்ம ஊட்டுப் புள்ளை கேக்குதுங்க," என்று சொல்லிவிட்டு எடுத்தாள் பாருங்கள்! இரண்டாவது அடியிலேயே மைக் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். மேடை விளக்கு எரிந்துகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அவள் நிறுத்தவில்லை. பனிக்குள் முகம் தெரியாத சனம் முழுக்கச் சேர்ந்து பாடியது. மலையே பாடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

அடுத்த ஆடியில் மேடையில் வேறு யாரோ பாடினார்கள். பஸ்களிலும் அவள் பாட்டு நின்றுபோயிருந்தது. அத்தைக்கு வந்த அழைப்பெல்லாம் போராட்டப் பந்தல்களிலிருந்துதான். விழாவன்றும் முள்ளுக்குறிச்சியில் சாலையோரம் உட்கார்ந்திருந்த முப்பது நாற்பது பேருக்குப் பாடிவிட்டு வந்திருக்கிறாள். அது அப்போது எனக்குத் தெரியாது.

"ஏனுங்கத்தை, நம்ம மேடைக்கு வரலீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"தொண்டை சரியில்லே கண்ணு."

ஐயோ பாவமே என்றிருந்தது. அம்மாவை நச்சரித்து மிளகுக் கஷாயம் வைக்கச் சொல்லி, ஒரு வாரம் காலையும் மாலையும் டம்ளரோடு அவள் முன் நின்றேன். முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அதோடு விட்டேனா? அடுத்த ஆடிக்குள் அத்தைக்குச் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று அந்த ஆபீசரிடமே போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன்.