தேங்காயின் மற்றப் பாதி

இந்த ஊரில் சாப்பிடப் போனால், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன் சட்டைப் பொத்தானுக்கு உள்ளே பார்க்கிறார்கள். பூணூல் தெரிந்தால் உள்கூடம். தெரியாவிட்டால் மரத் தட்டிக்கு வெளியே போட்ட பெஞ்சு. மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டி நான் தினமும் போகும் காபி ஹோட்டலில் அடுப்பு ஒன்றுதான், இட்லிக் கொப்பரை ஒன்றுதான், சாம்பார் வாளியும் ஒன்றுதான். அந்த வாளி முதலில் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகு எங்களிடம் வரும். வருகிற வழியில் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. நான் நாக்குக்கு அடிமை. தட்டியைப் பற்றி யோசிப்பதை இட்லி வரும்வரை ஒத்திவைப்பேன். இட்லி வந்துவிட்டால் யோசிக்க நேரம் இராது. யாழ்ப்பாணத்தில் இருந்து இதைப் படிக்கும் நீங்கள், 'இந்தியாக்காரர் புத்தியைப் பார்' என்று இந்த இடத்தில் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள்.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருபவர் வல்லிபுரம். எங்கள் ஊர்தான். நான் இங்கே ஓர் அச்சுக்கூடத்தில் புரூப் பார்க்கிறேன். அவர் சிந்தாதிரிப்பேட்டையில் வீடு கட்டும் கம்பெனி ஒன்றில் படம் வரைகிறார். ஊரில் நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. எங்கள் வளவுப் பனைகளில் கள் இறக்கியவர் அவருடைய தகப்பனார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாங்குப் பலகையில் இருந்து படித்தேன், அவர் அதே வகுப்பில் நிலத்தில் இருந்து படித்தார். வேலை தேடி வந்தபோது தனுஷ்கோடியில் ரயிலில் ஒரே பெட்டியில் ஏறினோம். எழும்பூரில் இறங்கும்போது சிநேகிதராகியிருந்தோம். சென்னைக்கு நாங்கள் இருவரும் சிலோன்காரர்கள், அவ்வளவுதான். தட்டிக்கு வெளியே நிறுத்திய இந்த ஊர்தான் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவும் வைத்தது. அதற்காக இந்த ஊரைத் திட்டவும் முடியவில்லை, வாழ்த்தவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் கால் போன போக்கில் சாப்பிடக் கிளம்புவோம். தியாகராய நகர் இப்போதுதான் எழும்பிக்கொண்டிருக்கிறது, பாதி வீடு, பாதி வயல். அங்கே நெல்லூரிலிருந்து வந்த ஒருவர் கொத்தனார்களுக்காகப் பச்சைப் பயறு அரைத்துத் தோசை சுடுவார். மேலே பொடியாக இஞ்சி, வெங்காயம். ஒன்றோடு எழுந்தவன் மனிதனே அல்ல. அடையாற்று முகத்துவாரத்தில் உப்பும் மிளகும் போட்டு அவித்த நண்டுக்காக மணலில் குந்தியிருந்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சாந்தோம் கடற்கரையில் மீன்காரர் குடிசை வாசலில் அந்தோணியம்மா செய்து விற்கும் சுறாப்புட்டு. முதல் வாயிலேயே வல்லிபுரம் கண்ணை மூடிக்கொண்டார். நம் ஊர்ச் சுறா வறையில் தேங்காய்ப்பூ இருக்கும், இதில் இல்லை. மற்றபடி கடல் ஒன்றுதான் என்று தெரிந்தது.

"இன்னா நைனா, மலையாளமா நீங்க?" என்று கேட்டார் அந்தோணியம்மா. எங்கள் பேச்சைக் கேட்டு இந்த ஊரில் எல்லோரும் கேட்பதுதான்.

"இல்லை, யாழ்ப்பாணம்."

"அது எங்க கீது?"

வல்லிபுரம் கடலைக் காட்டினார். "அந்தாண்ட தண்ணிதானே கீது" என்று சொல்லிவிட்டு அந்தோணியம்மா கொட்டாங்கச்சி அகப்பையால் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார். "ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்றும் கேட்டார். நாங்கள் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இருவருமே சொல்லாமல் விட்டது எனக்கு அன்று முழுவதும் இனித்தது.

பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம் பார்க்க என் அம்மா வந்தார். பனங்கிழங்கைக் காயவைத்துச் செய்த ஒடியல் மாவும் புழுக்கொடியலும் கொண்டுவந்தார். கூடவே சின்ன வயதிலிருந்து நான் தண்ணீர் குடித்த, மூக்கு வைத்த பித்தளைக் குவளையான மூக்குப்பேணியையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "கண்ட கண்ட பாத்திரத்தில நீ குடிக்கிறது எனக்குப் பொறுக்கேல்லை, ராசா" என்றார். நான் அந்தப் பேணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மறுநாள் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, இட்லியின் பெருமையைப் பேசிப் பேசி அம்மாவை ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். வெளிப் பெஞ்சைக் காட்டுவதற்குள் அவர் நேரே உள்கூடத்துக்குப் போய், நடு மணையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா எங்கே போனாலும் நடுவில்தான் உட்காருவார்.

பரிமாறுகிறவர் ஓடி வந்தார். "அம்மா, தப்பா நினைச்சுக்கப்படாது. இது பிராமணாளுக்கு. நீங்க அந்தண்டை போய் உக்காந்துக்கோங்கோ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா முதலில் அது தன்னிடம் சொன்னதல்ல என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அந்தத் திரும்பிப் பார்த்தலை என்னால் மறக்க முடியவில்லை. எழுந்து தெருவுக்கு வந்துவிட்டார். ஜட்காவில் வீடு வரும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "சமைக்கிறவன் என்னைப் பாத்து எழும்பு எண்டு சொல்லுறானே தம்பி. நாங்கள் என்ன, ஈனசாதியே?" என்றார்.

அன்று மாலை வல்லிபுரம் வந்தார். ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறதே என்ற ஆசையில், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு சீப்புப் பழத்தோடு வந்தார். அம்மா இரவுக் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"வாரும் தம்பி, இரும். எவடம் நீர்?"

நான் வல்லிபுரத்தைப் பார்த்தேன். வாய்க்கு வந்த ஊர் எதையாவது சொல்லும் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் உண்மையையே சொன்னார். "உங்கட ஊர்தான் அம்மா. வேலாயுதத்தின்ரை மகன்."

"ஆர், வேலனின்ரை பெடியனோ நீ?" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை, அன்புகூட இருந்தது. உள்ளே போய்க் காபி போட்டார். பிறகு, அப்போதுதான் துருவி முடித்த தேங்காய்ச் சிரட்டையில் கண் இல்லாத பாதியை எடுத்துக் கழுவி, அதில் காபியை ஊற்றிக் கொண்டுவந்து வல்லிபுரத்தின் முன்னால் நிலத்தில் வைத்தார். எனக்கு மூக்குப்பேணி.

காலையில் அழுத அதே அம்மாதான். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வல்லிபுரம் இரண்டு கையாலும் சிரட்டையை எடுத்தார். பிடிக்கும் விதம் அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தலைக்குள் ஏதோ ஏறியது. எழுந்து போய்த் துருவுபலகைக்குப் பக்கத்தில் கிடந்த மற்றப் பாதியை எடுத்து வந்து, பேணிக் காபியை அதில் ஊற்றினேன். துருவும்போது சிரட்டையின் கண் திறந்திருந்தது போலும். காபி ஒழுகி என் வேட்டியெல்லாம் ஆனது. இருந்ததைக் குடித்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குளத்தங்கரை வரைக்கும் வல்லிபுரத்தோடு நடந்தேன். அவர் தட்டிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் உம்மைக் கேட்டனானோ?" என்றார். "என்ரை அப்பு சாகுமட்டும் அதிலைதான் குடிச்சவர். நீர் ஒருக்காக் குடிச்சுப்போட்டு இனிப் போய் வேட்டியைத் தோய்ப்பீர். உமக்கு அவ்வளவுதான். அந்தப் பெஞ்சில உம்மோட இருந்து சாப்பிட்டதே நான் இதை மறக்கத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. யாருக்காகச் செய்தேன் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அதன் பிறகு ஹோட்டலுக்கு வரவில்லை. தேடிப் போனபோது வேலை அதிகம் என்றார், மரியாதையாக.

அம்மா உற்சவம் முடியுமுன்பே புறப்பட்டார். எழும்பூரில் பெட்டியைத் தூக்கி வைத்தபோது உள்ளே மூக்குப்பேணி உருளும் சத்தம் கேட்டது. "உனக்கு இனி இது என்னத்துக்கு?" என்றார். பிறகு ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகரும்வரை விடவில்லை. தங்கைக்குச் சம்பந்தம் பேசுகிறார்களாம், நான் சிரட்டையில் குடித்த இந்தக் கதை அடங்கும்வரை நான் ஊர்ப் பக்கம் வராமல் இருப்பது நல்லதாம். அதையும் அவர்தான் சொன்னார், அழுதுகொண்டு.

தினமும் தட்டிக்கு வெளியே உட்காருகிறேன். இட்லி அதே இட்லிதான். பரிமாறுகிறவர் பழக்கத்தில் இரண்டு இலை போட்டுவிட்டு, ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறார். போன ஞாயிறு சாந்தோம் போனேன். அந்தோணியம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க நைனா உன் அண்ணன்? ஊருக்குப் பூட்டாரா?"

சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"நீ எப்ப போவே? அந்தாண்ட உனுக்கு யாரு கீறாங்க?"

கடலைப் பார்த்தேன். வெயிலில் அது பளபளவென்று கிடந்தது.

"அந்தாண்ட தண்ணிதான் கீது" என்றேன்.

அந்தோணியம்மா கைகொட்டிச் சிரித்தார். "அட, நம்ம பேச்சு வந்துட்ச்சே உனுக்கு!" என்று சொல்லி, இலையில் இன்னோர் அகப்பை புட்டு வைத்தார்.