சீனி போடாத பால்

பால் வாடையே எனக்கு ஆகாது. என் கணவருக்குத் தோல் வியாபாரம். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வாடையோடுதான் மனுஷன் தினமும் வீட்டுக்கு வருவார். அந்தச் சட்டையை முகம் சுளிக்காமல் ஊறப்போட்டு அலசிவிடுவேன். காய்ச்சின எருமைப் பாலில் சுருங்கி மிதக்கிற ஆடையைப் பார்த்தால்தான் எனக்குக் குமட்டும். சேச்சே, இதை எழுதும்போதுகூட தொண்டையில் ஏதோ ஒட்டுகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். பக்கத்து எரியோட்டிலிருந்து ஒருவர் பஸ்ஸில் கேனோடு வந்து பால் ஊற்றுவார். என் மாமியார் அதைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, சாயங்காலம் ஆளுக்கொரு டம்ளர் கொடுப்பார். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். வேண்டாம் என்றால், "ஏன், எங்க வீட்டுப் பாலு ஒனக்கு விசமா?" என்பார். புது மருமகள், குடித்துத் தொலைப்பேன்.

குடித்த செத்த நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். உள்ளே கடமுடா என்று உருளும். அடக்கி அடக்கிப் பார்த்துக் கடைசியில் கொல்லைப்புறக் கக்கூஸுக்கு ஓடுவேன். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அரை வாளித் தண்ணீரில் நான் பட்ட அசிங்கத்தை எழுதக் கூசுகிறது. அந்தக் கதவுக்கு வெளியே யாராவது காத்து நின்றால் எனக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

மாமிக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பை விட்டார், சோற்றைக் குறைத்தார், நோன்புக் காலத்தில் பேரீச்சம்பழத்தைக்கூடத் தள்ளிவைத்தார். பசித்தால் மட்டும் பால். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று கணக்கே கிடையாது. "சீனி போடலைல்ல, வெறும் பாலுதானே! சீனியே போடாம எப்பிடி இனிக்குது பாரு. அம்புட்டும் அசல் பாலு" என்று பெருமை வேறு. எனக்கும் அது இனிக்கும். அந்த இனிப்புதான் கூடுதலாகக் குமட்டும்.

இந்த நேரத்தில் மாமியின் கால் விரலில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. கட்டை அவிழ்த்தால் சீழ் வடியும். நான்தான் துடைத்துவிடுவேன். "சுகர் இறங்கலைன்னா விரலை எடுத்துர வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமி அழுதார். அம்மா ஒளித்து வைத்து இனிப்புத் தின்கிறார் என்று என் கணவர் சத்தம் போட்டார். அந்த அம்மாள் தின்னவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

என் வயிற்றுக்கு ஒரு வழி தேடி மதுரைக்குப் போனேன். அங்கே டாக்டர், பாலிலுள்ள சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லி, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார். என் ரத்தத்தில் சர்க்கரை ஏறவே இல்லை. "பாலுக்குன்னு ஒரு சர்க்கரை இருக்கும்மா. உங்க குடல் அதை உடைக்க மாட்டேங்குது. அப்படியே பெருங்குடலுக்குப் போகுது. அங்க இருக்குற கிருமிக அதைத் தின்னு, புளிக்க வச்சு, காத்து விடுது. தினமும் பாலை ஊத்தி அதுகளை நீங்கதான் வளர்க்கிறீங்க" என்றார். சீ! தினமும் ஒரு டம்ளர் தீனி போட்டுக் கிருமிப் பண்ணை நடத்தியிருக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. எனக்கு உடையாத அந்தச் சர்க்கரை மாமிக்கு உடைந்து, நேரே ரத்தத்துக்குப் போகிறது. அதையும் சுண்டக் காய்ச்சி இன்னும் கெட்டியாக்கி அல்லவா குடிக்கிறார்!

வீட்டில் சொன்னேன். "நீ குடிக்காம தப்பிக்கிறதுக்கு நல்லாத்தான் கத வுடுற" என்றார் மாமி. சவுதியிலிருந்து கொழுந்தன் கொண்டுவந்த சுகர் பார்க்கும் மிஷின் வீட்டில் சும்மா கிடந்தது. மறுநாள் காலையில் இரண்டு பேரும் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தோம். பிறகு ஆளுக்கொரு டம்ளர் பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் குத்தினோம். எனக்கு நம்பர் அசையவில்லை, வயிறுதான் ஊதியது. மாமிக்குக் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. "யா அல்லாஹ்! இம்புட்டு நாளா நானே ஏத்திக்கிட்டனா?" என்றார்.

அன்றோடு பாலை விட்டார். சர்க்கரைக்குப் போட்ட மாத்திரை பிடிக்க ஆரம்பித்தது. புண் மெல்ல ஆறியது. விரலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் மாமி இரண்டு டம்ளரோடு என் முன்னால் வந்து நின்றார். ஒன்று என்னுடையது, மற்றது அவர் குடிக்காமல் விட்ட பங்கு.

"ஒனக்குத்தான் சுகர் ஏறாதே. வீணாக்காமக் குடி."

"மாமி, என் வயிறு என்ன பாடு படுதுன்னு தெரியும்ல?" என்றேன்.

"காத்துதானே புள்ள, வெளிய போயிரும். வெரலு போனா வருமா?" என்று ஆறிய விரலை ஆட்டிக் காட்டினார். அந்த விரலைப் பார்த்தபடியே மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் குடித்தேன்.