நோன்பு திறக்கும் முன் எடுத்த ரத்தம்

முனைவர் பட்டம் வாங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே சேலத்தில் எங்கள் தெருவுக்கு நான் டாக்டராகிவிட்டேன். தலைவலி, மூட்டுவலி, பேரனுக்குப் பல் முளைக்காதது எல்லாம் என்னிடம்தான் வரும். “நான் அந்த டாக்டர் இல்லீங்க, உயிர்வேதியியல் ஆராய்ச்சி பண்றேன்” என்றால், “ஆமாங்க, பெரிய டாக்டரு” என்று இன்னும் ஒரு படி ஏற்றிவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். மறுக்க மறுக்க மரியாதை கூடினால் என்னதான் செய்வது?

அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவுக்கு மார்க்கெட் பக்கம் தார்ப்பாய், கயிறு வியாபாரம். நாமக்கல், எடப்பாடி லாரிக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற கடை. அங்கே ஒரு டிரைவர் என்னிடம், “ஏனுங்க, நீங்க என்னதானுங்க படிக்கிறீங்க?” என்று கேட்டார். நாம் மூச்சில் இழுக்கிற ஆக்ஸிஜனே உடம்புக்குள் சில நேரம் முரடாக மாறிச் செல்களை அரிக்கும், சர்க்கரை நோயில் அந்த அரிப்பு கூடும், அதை ரத்தத்தில் அளந்து பார்க்கிறேன் என்றேன். “அட, துருன்னு சொல்லுங்க” என்றார். அன்றிலிருந்து கடையில் என் ஆராய்ச்சிக்குப் பெயர் துரு. துருப் பிடிக்காமல் இருக்க என்ன சாப்பிடலாம் என்று கேட்காத லாரிக்காரர் இல்லை.

எனக்கே அது தெரியாது என்பதுதான் சங்கடம். முதல் வருடம் எல்லாம் தெளிவாக இருந்தது. ஆக்ஸிஜனின் முரட்டு மூலக்கூறுகள் கெட்டவை, அவற்றை அடக்கும் பொருட்கள் நல்லவை. படிக்கப் படிக்கக் கட்சி மாறிக்கொண்டே இருந்தது. அந்த முரட்டு மூலக்கூறுகளை வைத்துத்தான் உடம்பு கிருமியைக் கொல்கிறது; செல்லுக்குச் செல் சேதி சொல்வதும் அவற்றை வைத்துத்தான். அவற்றை மாத்திரை கொடுத்து அடக்கினால் நோயாளி தேறுவார் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆய்வகத்தில் கொதிநீரில் நின்ற டியூபுகளில் இளஞ்சிவப்பு நிறம் ஏறும். நிறம் அடர்ந்தால் அரிப்பு அதிகம். அதை நான் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அது நல்லதா கெட்டதா என்று கேட்டால் விழிப்பேன்.

இதற்கு நடுவே அத்தாவின் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். நோன்பு வைக்க வேண்டாம், பகலில் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும் என்று எங்கள் குடும்ப மருத்துவர் ஒவ்வொரு ரமலானுக்கும் முன்பு சொல்வார். அத்தா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்து, முதல் நாளே நோன்பு வைப்பார். நானும் சண்டை போட்டேன். புத்தகத்தில் இருப்பதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். வியாபாரி அல்லவா, கடைசியில் ஒரு பேரத்துக்கு வந்தார்.

“உன் டியூபு சொல்லட்டும். நோன்புல எனக்குத் துரு கூடுதுன்னு அது சொல்லிட்டா, அடுத்த வருசம் உட்டுடறேன். டாக்டரு பேச்சும் வேணாம், உன் பேச்சும் வேணாம்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே அது என் ஆய்வின் ஒரு பகுதியுமானது. சர்க்கரை நோய் இருந்தும் தாங்களாகவே நோன்பு வைக்கிறவர்களிடம் ரமலானுக்கு முன்பு ஒருமுறை, நடுவில் ஒருநாள் நோன்பு திறக்கும் முன் ஒருமுறை, பெருநாள் கழித்து ஒருமுறை ரத்தம் எடுப்பது என்று திட்டம். என் வழிகாட்டிப் பேராசிரியை, அப்பாவின் ரத்தத்தை முடிவுகளில் சேர்க்கக்கூடாது என்றார். சரி என்றேன். ஆனால் அத்தா முதலில் கையை நீட்டாவிட்டால் மற்றவர்கள் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்படித்தான் நடந்தது. அவர் ஊசிக்குக் கையை நீட்ட, பக்கத்து மிளகாய் மண்டி மாமு சட்டைக் கையை மடிக்க, மார்க்கெட் வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் தட்டுவடை செட்டு வாங்கிக் கொடுத்தேன்.

ரமலான் நடுவில் குறித்த நாளும் வந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வியாபாரிகள் அத்தா கடையின் பின்னறைக்கு வந்தார்கள். லேப் டெக்னீஷியன் ரத்தம் எடுத்தார். நான் டியூபுகளை ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். யாரும் அதிகம் பேசவில்லை. பட்டினிக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். என் பேராசிரியை அங்கே இருந்திருந்தால் ஒவ்வொருவரையும், “இன்றைக்கு நோன்புதானே?” என்று கேட்டுக் குறித்திருப்பார். நான் கேட்கவில்லை. ரமலானில், அஸருக்குப் பிறகு, தாடி நரைத்த மனிதரிடம் அப்படிக் கேட்க எங்கள் தெருவில் வளர்ந்த பெண்ணுக்கு வாய் வராது. கன்னத்தில் அறைவதும் அதுவும் ஒன்று.

பெருநாள் கழிந்து மூன்றாவது ரத்தமும் எடுத்து, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சிலருக்கு நோன்பு நாளில் நிறம் குறைந்திருந்தது. பலருக்குச் சாதாரண நாளுக்கும் நோன்பு நாளுக்கும் வித்தியாசமே இல்லை. சர்க்கரை அளவு சிலருக்கு நன்றாக ஏறியிருந்தது. சர்க்கரை நோயாளிக்குப் பட்டினியிலும் ஏறும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐஸ் உருகிவிட்டதா, கரண்டு போன நேரத்தில் ஃப்ரீசர் சூடேறியதா, என் கைதான் சரியில்லையா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். டியூபுகளைத் திரும்பக் கழுவி, மருந்துகளைத் திரும்பக் கலக்கி, இருந்த மிச்ச ரத்தத்தில் திரும்பச் செய்தேன். அதே குழப்பம் வந்தது. ஆய்வு வீணாவதைவிட, அத்தாவிடம் காட்ட எதுவும் இல்லையே என்பதுதான் என்னை அரித்தது. தெளிவான பதில் இல்லையென்றால் அடுத்த வருடமும் அவர் நோன்பு வைப்பார்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கடைக்குப் போனேன். அத்தா தார்ப்பாய்க் கட்டுகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கையிலிருந்த கயிற்றில் முடிச்சுப் போடப் பார்த்தார், விரல்கள் நடுங்கின. மண்டி மாமு பக்கத்தில் நின்று அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டீங்களா அத்தா?”

மாமுதான் சொன்னார்.

“இன்னிக்குக் களா நோன்பும்மா அவருக்கு. உனக்கு ரத்தம் குடுத்த அன்னிக்கு உட்டது.”

களா என்றால் ரமலானில் விட்டுப்போன நோன்பை அப்புறம் ஒரு நாளில் ஈடு செய்வது. “அன்னிக்கு நீங்க நோன்பு வைக்கலையா?” என்று கேட்டேன்.

“ரத்தம் எடுத்தா நோன்பு முறிஞ்சிடும்ல? முறியற நோன்பை எதுக்கு வெக்கறதுன்னு முக்காவாசிப் பேரு வெக்கலம்மா. மத்தியானம் என் மண்டிக்குள்ள திரையைப் போட்டுக்கிட்டு சோத்துப் பொட்டலம் பிரிச்சோம்.”

“என்கிட்ட ஏன் மாமு சொல்லல?”

“ரமலான் மாசத்துல நோன்பு இல்லைன்னு ஒரு பொம்பளப் புள்ளகிட்ட எப்படிம்மா சொல்றது?”

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று தெரியவில்லை. நோன்பு நாள் என்று நான் எழுதி ஒட்டிய டியூபுகளில் இருந்தது மண்டிக்குள் சாப்பிட்ட சோறு. இத்தனை நாள் அதற்குத்தான் விளக்கம் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அடுத்த நொடியே ஆய்வெல்லாம் மறந்துபோனது. மருத்துவர் சொல்லி விடாத நோன்பை அத்தா எனக்காக விட்டிருக்கிறார். விட்டதை இந்த வெயிலில் தனியாகப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார்.

டீக்கடையில் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கலக்கி நீட்டினேன்.

“இன்னும் கொஞ்ச நேரந்தான், பாங்கு சொல்லிடுவாங்க” என்றார். குரல் குழறியது.

நோன்பு திறக்கும் பாங்கு சொல்ல மாலை ஆகும். சர்க்கரை இறங்கினால் மூளைக்கு என்ன ஆகும் என்று ஆரம்பித்தேன். அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் புத்தகப் பேச்சை விட்டுவிட்டேன்.

“எனக்குப் பயமா இருக்கு அத்தா” என்றேன். அத்தனை வருடச் சண்டையில் நான் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “டியூபு என்ன சொல்லுச்சு?”

“அது ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்றேன்.”

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. கொஞ்ச நேரத்தில் முகத்தில் நிறம் வந்தது. மாமு உரக்க ஏதோ கேலி பேசினார். நான் திரும்பி நின்று கயிற்றுச் சுருள்களை எண்ணுவதுபோல நடித்தேன்.

பிறகு அம்மா, பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டார். சோதனைக்கு ஊசியில் ரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது, யார் இவர்களுக்கு அப்படிச் சொன்னது என்று அவர் கேட்டாராம். தீராத நோய்க்காரர் நோன்புக்குப் பதிலாக ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார். முறிந்துவிடும் என்று யார் முதலில் சொன்னது என்பது மார்க்கெட்டில் இன்றுவரை யாருக்கும் நினைவில்லை. என் ஆய்வேட்டில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். நோன்பில் அரிப்பு கூடுமா, குறையுமா என்று என் கையால் அளந்து தெரிந்துகொள்ளவே இல்லை.

அடுத்த ரமலான் வந்தது. முதல் நாள் அத்தா எங்களோடு விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து சாப்பிட்டார். விடிந்த பிறகு மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். தெருவில் எல்லோரும் நோன்போடு இருக்கும் நேரத்தில் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கண் கலங்கியிருந்தது.

“சரியாத்தானம்மா பண்றேன்?” என்றார்.

உடம்பைப் பற்றிக் கேட்கிறாரா, விட்ட நோன்பைப் பற்றிக் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. “ஆமாத்தா” என்றேன்.